ஓட்டக்காரரின் இரத்தமும் தேசத்தின் மானமும்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் சிங்கப்பெருமாள் கோயிலையும் செங்கற்பட்டையும் சுற்றியுள்ள ஊர்களில் விடியற்காலையில் பயணம் செய்வோர் ஒரு காட்சியைக் காணலாம். சாலையோரத்திலும், ஏரிக்கரையிலும், பள்ளிக்கூட மைதானத்திலும் வாலிபர்கள் ஓடிப் பழகிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒரு சிலர் பந்தயங்களில் ஜயம் பெற விரும்புகிறவர்கள். மற்றவர்கள் போலீஸிலோ சேனையிலோ உத்தியோகம் நாடி ஓடுகிறவர்கள். தமிழ்நாட்டுப் போலீஸில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர விரும்பும் ஆண்மகன் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிஷத்துக்குள் ஓடித் தீரவேண்டும் என்பது விதி. ஒரு குடும்பத்தில் அடுப்பெரிவதும் எரியாததும் சில விநாடிகளைப் பொறுத்திருக்கிறது. ஆகவே, ஜனங்கள் ‘தம்’ என்று சொல்லும் நீடித்த உழைப்புச் சக்தியைப் பெருக்கிக்கொள்ளும் வழி யாது என்பது இப்பக்கத்து வாலிபனுக்குப் பொழுதுபோக்கான கேள்வியன்று. அது அவனுடைய ஜீவனத்தைப் பற்றிய கேள்வி.

இக்கேள்விக்கு நேர்வழியான விடையும் உண்டு. குறுக்குவழியான விடையும் உண்டு. நேர்வழியைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் குறுக்குவழியைக் கூறுகிறவன் தானாகவே வந்து சேருகிறான். இந்த விஷயத்தில் நமது தேசம் இன்று எந்த நிலையில் நிற்கிறதென்பதை ஒளிக்காமற் சொல்வது நம் கடமை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு ஸ்தாபனம் வெளியிட்ட 2023-ஆம் வருஷத்துக் கணக்கின்படி, இந்திய விளையாட்டு வீரர்களிடமிருந்து எடுத்துச் சோதித்த 5,606 மாதிரிகளில் 214-இல் விலக்கப்பட்ட மருந்துகள் காணப்பட்டன. அதாவது நூற்றுக்கு 3.8 வீதம். ஐயாயிரத்துக்கு மேல் மாதிரிகளைச் சோதித்த தேசங்கள் அனைத்திலும் இதுவே மிக அதிகமான விகிதம். 2030-இல் காமன்வெல்த் பந்தயங்களை ஆமதாபாத்தில் நடத்தும் பொறுப்பை ஏற்றிருக்கும் தேசத்துக்கு இது பெருமை தரத்தக்க முதலிடமன்று.

திருச்சி ஜில்லா தந்த பாடம்

கணக்கு ஒரு புறம் நிற்க. ஒரு மனித ஜீவியத்தைப் பார்ப்போம். திருச்சிராப்பள்ளியை அடுத்த முடிகண்டம் கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோமதி மாரிமுத்து. 2019-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ஆம் தேதி தோஹா நகரில் நடந்த ஆசிய தடகளப் பந்தயத்தில் 800 மீட்டர் தூரத்தை 2 நிமிஷம் 2.70 விநாடியில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். அவ்வாண்டுப் போட்டியில் பாரத தேசத்துக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுவே. தமக்கு ஆகாரம் குறையக் கூடாதென்று தம் தந்தை மாட்டுத் தீவனத்தைத் தின்று நாட்களைக் கழித்தார் என்று அவர் கண்ணீருடன் கூறியதைப் பத்திரிகைகளில் படித்துத் தமிழ்நாடே உருகிற்று. கட்சி வித்தியாசமின்றி யாவரும் அவருக்குப் பாராட்டு வழங்கினர்.

சில வாரங்களுக்குள் அந்தச் சந்தோஷம் மறைந்தது. அவருடைய மாதிரிகளில் நாண்ட்ரோலோன் என்ற மருந்தின் சுவடு காணப்பட்டது. தாம் ஒருபோதும் விலக்கப்பட்ட மருந்தை உட்கொண்டதில்லை என்று அவர் மறுத்தார். விசாரணையின் முடிவில் நான்கு வருஷத் தடை விதிக்கப்பட்டது, தங்கமும் பறிபோயிற்று. இதில் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தோஹாவுக்குப் போவதற்கு முன்பே, மார்ச் மாதத்தில் பாட்டியாலாவில் நடந்த போட்டியில் அவரிடமிருந்து எடுத்த மாதிரியிலேயே அம்மருந்தின் சுவடு இருந்தது. ஆனால் அம்முடிவு வெளிவருவதற்குள் அவர் தோஹாவுக்குச் சென்று, ஓடி, ஜயித்து, ஊர் திரும்பி, மாலைகளையும் பெற்றுவிட்டார். மாதிரியை எடுத்தவர்கள் காலத்தில் முடிவைச் சொல்லியிருந்தால், உலகத்தின் முன்னிலையில் நேர்ந்த அவமானமாவது அவருக்கும் தேசத்துக்கும் மிஞ்சியிருக்கும். தாமதம் செய்தவர்கள் எவருக்கும் நான்கு வருஷத் தடை விதிக்கப்பட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

இரத்தத்தின் வேலை

நீண்ட தூரம் ஓடுகிறவனுடைய பலம் காலில் மட்டும் இல்லை. அது பெரும்பாலும் அவனுடைய இரத்தத்தில் இருக்கிறது. தசைகள் இடைவிடாமல் வேலை செய்வதற்குப் பிராணவாயு வேண்டும். அதைச் சுமந்து செல்வது இரத்தத்தின் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் என்ற இரும்புச்சத்துப் பொருள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்கும். இந்தச் சுமைகூலிகள் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனைக்கு ‘தம்’ நிற்கும். நேர்வழி, குறுக்குவழி இரண்டிலும் பெரும்பாலானவை இந்தக் கூலிகளின் எண்ணிக்கையை அதிகப்படுத்தும் உபாயங்களே. ஆகவேதான் எது நியாயம், எது அநியாயம் என்பதில் சாமானியருக்கு மயக்கம் உண்டாகிறது.

நேர்வழிகளில் முதன்மையானது மலைவாசம். உயர்ந்த இடத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு குறைவாகக் கிடைப்பதை உணர்ந்து, சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ரஸத்தை அதிகமாகச் சுரக்கிறது. அது எலும்பு மஜ்ஜைக்குச் சென்று, சிவப்பணுக்களை இன்னும் உண்டாக்கு என்று கட்டளையிடுகிறது. மூன்று நான்கு வாரங்கள் மலையில் தங்கினால் பலன் தெரியும். 1968-இல் ஒலிம்பிக் பந்தயம் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்ஸிகோ நகரில் நடந்தபோதுதான் உலகம் இதை நன்கு உணர்ந்தது. 10,000 மீட்டரில் கென்யாவின் டெமுவும், 1,500 மீட்டரில் அதே தேசத்துக் கெய்னோவும், மாரத்தானில் எதியோப்பியாவின் மாமோ வோல்டேயும் வென்றனர். மூவரும் மேட்டுநிலத்து மக்கள். நமது உதகமண்டலமும் அதே 2,240 மீட்டர் உயரந்தான். மெக்ஸிகோவுக்கு நிகரான மலையை இயற்கை நமக்குத் தமிழ்நாட்டிலேயே கொடுத்திருக்கிறது. செங்கற்பட்டுப் பக்கத்து ஏழை ஓட்டக்காரன் அங்கே ஒரு மாதம் தங்கிப் பயில யார் செலவு கொடுப்பது என்பதுதான் கேள்வி.

மலைக்குப் போக முடியாதவனுக்கு நமது வெயிலும் ஓர் ஆசான். பத்துப் பதினான்கு நாட்கள் உஷ்ணத்தில் அளவோடு பழகினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும். வேர்வை சீக்கிரம் வரும். இருதயத்தின் சிரமம் குறையும். மாமல்லபுரக் கரையோரத்தின் புழுக்கம் இதற்குப் போதும். ஆனால் தண்ணீரும் நிழலும் மேற்பார்வையும் இல்லாமல் கத்திரி வெயிலில் ஓடுவது பயிற்சியாகாது; அது உயிரோடு விளையாடுவதாகும்.

அடுத்தது ஆகாரம். கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை, முட்டை, மீன், ஈரல் ஆகியவை இரும்புச்சத்துக்கு உதவும். கீரையிலும் தானியத்திலுமுள்ள இரும்பைத் தேகம் எளிதில் ஏற்காது. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் அதிகம் ஏற்கும். சாப்பிட்டவுடனே காபியும் தேநீரும் குடிப்பது இதைக் கெடுக்கும். அதே காபி, பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அளவோடு குடித்தால் களைப்பைத் தள்ளிப்போடும் என்பது சாஸ்திரீயமாக நிரூபிக்கப்பட்டது. காபியிலுள்ள காஃபீன் சத்து ஓர் அளவுக்கு மேல் இருந்தால் முன்பு குற்றமாக இருந்தது. 2004-ஆம் வருஷம் ஜனவரி முதல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. பீட்ரூட் கிழங்கின் சாறும் அனுமதிக்கப்பட்டதே. அதிலுள்ள நைட்ரேட் உப்பு, குறைந்த பிராணவாயுவில் அதிக வேலை செய்யத் தசைகளுக்கு உதவுகிறது. நீண்ட பந்தயத்துக்கு முந்திய இரண்டு நாட்கள் சோறும் கிழங்கும் அதிகமாக உண்டு தசைகளில் மாச்சத்தைச் சேமிப்பதும் நேர்வழியே. நல்ல தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஈடான மருந்து கடையில் இல்லை.

குறுக்குவழிகள்

மலையில் சிறுநீரகம் சுரக்கும் அதே எரித்ரோபாய்ட்டினை மனிதன் ஆய்வுக்கூடத்தில் செய்யக் கற்றுக்கொண்டான். சிறுநீரகம் கெட்டு இரத்தம் வற்றிய நோயாளிகளுக்காக 1989-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட இந்த மருந்து, அவர்களுக்கு உயிர்ப்பிச்சை. ஆனால் சைக்கிள் பந்தயக்காரர்களும் ஓட்டக்காரர்களும் இதைத் திருடிக்கொண்டார்கள். விலக்கப்பட்ட மருந்தாக 1990-இல் இது அறிவிக்கப்பட்டும், கண்டுபிடிக்கும் சோதனை 2000-ஆம் வருஷத்து ஸிட்னி ஒலிம்பிக்கில்தான் வந்தது. இடைப்பட்ட பத்து வருஷமும் திருடனுக்குத் திறந்த வீடு. பிரான்ஸ் தேசத்துச் சைக்கிள் பந்தயத்தில் ஏழு முறை ஜயித்ததாகப் புகழப்பட்ட அமெரிக்கர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2012-இல் அந்த ஏழு பட்டங்களையும் இழந்தார். மறு வருஷம் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

தன் இரத்தத்தையே எடுத்துப் பதப்படுத்தி வைத்து, சில வாரங்கள் கழித்துப் பந்தயத்துக்கு முன் திரும்ப ஏற்றிக்கொள்வது இன்னொரு தந்திரம். நாண்ட்ரோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் வேறொரு வகை. இவை தசையை வளர்ப்பவை என்றே பலரும் எண்ணுகிறார்கள். கடும் பயிற்சியின் களைப்பிலிருந்து சீக்கிரம் மீளவும் இவை உதவுகின்றன. இரத்தச் சோகைக்கு வைத்தியர்கள் நாண்ட்ரோலோனைக் கொடுத்ததும் உண்டு. ஆகவே நடுத்தர, நீண்ட தூர ஓட்டக்காரர்களும் இந்த வலையில் விழுகிறார்கள்.

இவற்றின் கூலி என்ன? எரித்ரோபாய்ட்டின் அளவு மீறினால் இரத்தம் கெட்டியாகும். இரவில் தூங்கும்போது இருதயம் மெதுவாக அடிக்க, கெட்டியான இரத்தம் உறைந்து, மூளையிலோ நெஞ்சிலோ அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ஸ்டீராய்டுகள் இருதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும், பெண்களுக்குக் குரல் தடிக்கும், மாதவிடாய் நிற்கும். மலை கொடுக்கும் பலனுக்குத் தேகமே ஒரு கடிவாளம் வைத்திருக்கிறது. இரத்தம் போதுமென்று தெரிந்ததும் சுரப்பு குறைந்துவிடும். ஊசிக்கு அந்தக் கடிவாளம் இல்லை.

எல்லை எங்கே?

“இரண்டும் ஒரே இரத்தத்தைத்தான் பெருக்குகின்றன, பணக்காரன் மலைக்குப் போகலாம், ஏழை ஊசி போடக் கூடாதா?” என்று கேட்பார் உண்டு. இது ஒதுக்கித் தள்ளத்தக்க கேள்வியன்று. இயற்கை நல்லது, செயற்கை கெட்டது என்ற பதில் இதற்குப் போதாது. எட்டி மரத்தின் கொட்டையும் இயற்கைதான். 1904-ஆம் வருஷத்து ஸெயிண்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில், எட்டிக் கொட்டையிலுள்ள ஸ்டிரிக்னின் விஷத்தை முட்டை வெள்ளைக்கருவோடும் பிராந்தியோடும் வழியில் கொடுத்துத்தான் தாமஸ் ஹிக்ஸ் என்பவரை அவருடைய உதவியாளர்கள் ஓட வைத்தார்கள். அவர் செத்துப் பிழைத்தார், தங்கமும் பெற்றார். வழியில் மோட்டார் வண்டியேறி முதலில் வந்து சேர்ந்த இன்னொருவரை விரட்டிவிட்டார்கள். விஷம் தின்று வந்தவரை விரட்ட அன்று விதியே இல்லை.

எல்லை இரண்டு காரணங்களால் அமைகிறது. தேகம் தானே உழைத்துப் பெற்ற பலனா, அன்றி உழைப்பின்றிப் புகுத்தப்பட்ட பலனா என்பது முதலாவது. எல்லோரும் ஒப்புக்கொண்ட விதியை ஒருவன் மறைவில் மீறுகிறானா என்பது இரண்டாவது. சிங்கப்பெருமாள் கோயிலில் பாடலாத்திரி நரசிம்மரின் சந்நிதி குன்றைக் குடைந்து அமைந்தது. ஆகையால் பெருமாளைப் பிரதட்சிணம் செய்ய விரும்புகிறவர் குன்றையே சுற்றி வரவேண்டும்; நான்கு அடியில் சுற்றி முடிக்க அங்கே வழியில்லை. பக்தருக்குத் தெரிந்த இந்த நியாயம் பந்தயக்காரருக்கும் பொருந்தும். சுற்றாமலே சுற்றியதாகச் சொல்கிறவன் தனக்குப் பின்னால் நேர்மையாக நடந்து வருகிறவனுடைய பலனைத் திருடுகிறான். ஊசி போட்டு ஜயித்தவனுக்கு அடுத்தபடியாக வந்தவனும் பெரும்பாலும் ஓர் ஏழையின் பிள்ளையே. அரசாங்க உத்தியோகங்களில் விளையாட்டு வீரர்களுக்கென்று தமிழ்நாட்டில் 3 சதவிகிதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஓர் இடம் திருடுபோனால், திருட்டுக்கொடுப்பவன் செல்வந்தனல்லன்.

ஆயினும், ஏழைக்கு மலை எட்டாது என்ற குறை குறையாகவே நிற்கிறது. அதற்குப் பரிகாரம் மலையை அவனுக்கு எட்டச் செய்வதேயன்றி, ஊசியை எட்டச் செய்வதன்று.

குற்றவாளி ஒருவரா?

2023-ஆம் வருஷம் செப்டம்பரில் டில்லியில் நடந்த மாகாணத் தடகளப் போட்டியில், சோதனை அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். மைதானத்தின் கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. தடை தாண்டும் நீண்ட ஓட்டத்தில் ஓர் இளம்பெண் எல்லைக் கோட்டைத் தாண்டிய பின்னும் நிற்காமல் ஓடினாள். மாதிரி எடுக்கும் அதிகாரி பின்னால் துரத்தினார். இதைக் கேட்டுச் சிரித்தவர் பலர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஊசிகளை அச்சிறுவர் சிறுமியர் தாமே தயாரித்தார்களா? வைத்தியர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்தை விற்றவன் எங்கே? எந்த அளவில் எப்போது போட வேண்டுமென்று சொல்லிக் கொடுத்தவன் எங்கே?

தேகத்தில் எது காணப்பட்டாலும் அதற்கு விளையாட்டு வீரரே பொறுப்பு என்பது உலக விதி. இல்லையேல் எவரும் ‘எனக்குத் தெரியாது’ என்று தப்பிக்கலாம் என்பதால் அவ்விதி அவசியந்தான். ஆனால் மருந்தைக் கொடுப்பவரையும் விற்பவரையும் தண்டிக்க அதே விதிகளில் இடம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. பார்லிமெண்டு 2022-இல் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் அதில் அதிகாரம் கொடுக்கப்பட்டது. ஊசி வியாபாரிக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் பிரிவு அதில் சேர்க்கப்படவில்லை. சட்டத்தின் கை ஓடுகிறவரின் கழுத்தை எளிதில் பிடிக்கிறது; ஓட்டுகிறவரின் சட்டையைக்கூடத் தொடுவதில்லை.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. இச்சட்டமும் சோதனையும் பந்தய வீரர்களுக்கே உரியவை. போலீஸுக்கும் சேனைக்கும் ஆள் எடுக்கும் மைதானங்களிலும் ஊசி நடமாடுவதாகப் பல மாகாணங்களிலிருந்து செய்திகள் வந்துள்ளன. ஏழு நிமிஷத்துக்காக நரம்பில் ஊசி ஏற்றிக்கொள்கிற வாலிபன், நாளை சட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய வாலிபன் என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

செய்ய வேண்டியவை

தேசத்தின் இரத்தமே சோகையுற்றிருக்கும்போது சில ஓட்டக்காரர்களின் இரத்தத்தை மட்டும் சோதித்து என்ன பயன்? 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை. இந்தக் குறையோடு மைதானத்துக்கு வரும் பெண்ணுக்குக் கீரையும் முட்டையும் இரும்பு மாத்திரையும் கொடுத்தாலே அவளுடைய ஓட்டம் நியாயமான வழியில் விருத்தியாகும். அதைச் செய்யாமல் விட்டால், அதே பலனை ஊசியில் தருவதாகச் சொல்பவன் அவளுக்குத் தெய்வமாகத் தோன்றுவான்.

ஆகவே நமது யோசனைகள் வருமாறு. முதலாவது, பந்தயத்துக்குப் பயிலும் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் வருஷத்தில் இரு முறையாவது ஹீமோகுளோபினும் தேகத்திலுள்ள இரும்பின் சேமிப்பும் இலவசமாகச் சோதிக்கப்பட வேண்டும். செங்கற்பட்டில் அரசாங்க வைத்தியக் கல்லூரியும், மேலக்கோட்டையூரில் உடற்கல்வி விளையாட்டுச் சர்வகலாசாலையும் இருக்கின்றன. இவ்விரண்டும் கை கோத்தால் இந்த ஜில்லாவே மற்ற ஜில்லாக்களுக்கு வழிகாட்டலாம். இரண்டாவது, விலக்கப்பட்ட மருந்துகள் எவை, சளிக்கும் வலிக்கும் வாங்கும் மாத்திரைகளிலும் சத்து மாவு டப்பாக்களிலும் அவை எப்படி ஒளிந்திருக்கக் கூடும் என்பதைத் தமிழில், சாமானியருக்கு விளங்கும் நடையில் அச்சிட்டு ஒவ்வொரு மைதானத்துக்கும் அனுப்ப வேண்டும். தெரியாத பாஷையில் எழுதிய விதியை மீறியதற்காகக் கிராமத்துப் பெண்ணைத் தண்டிப்பது தர்மமாகாது. மூன்றாவது, தகுதியுள்ள ஏழை ஓட்டக்காரர்களை வருஷந்தோறும் உதகையில் தங்க வைத்துப் பயிற்றும் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும். நான்காவது, எடுத்த மாதிரியின் முடிவு அடுத்த பந்தயத்துக்கு முன் வந்து சேரவேண்டும். போலீஸ் தேர்வு மைதானங்களிலும் சோதனை வேண்டும். ஐந்தாவது, ஒருவர் அகப்பட்டால் அவருடைய பயிற்சியாளரையும் மருந்து வந்த கடையையும் விசாரிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. பதக்கம் வந்த அன்று மாலை போட்டு, பழி வந்த அன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கத்தை நாம் விட வேண்டும். பதக்கத்துக்கு முந்திய பத்து வருஷங்களில் அந்தப் பிள்ளை என்ன சாப்பிட்டது, யாரிடம் பயின்றது என்று விசாரிக்காத ஊருக்குப் பதக்கத்தில் பாதிப் பெருமை கேட்க உரிமையில்லை. ஊர்தோறும் வாசகசாலையும் தேகப்பயிற்சிச் சங்கமும் நடத்தும் அன்பர்கள் இதைத் தங்கள் வேலையாக மேற்கொள்ள வேண்டும். தங்கள் ஊரில் விடியற்காலையில் ஓடும் பிள்ளைகள் யார் யார், அவர்களுக்கு ஒரு வேளை முட்டையும் பாலும் கிடைக்கிறதா, அவர்களிடம் பழகும் புதிய மனிதன் யார் என்று பார்ப்பதற்குப் பெரும் பணம் வேண்டாம். கவலை இருந்தால் போதும். சுத்தமான இரத்தத்தோடு எட்டாவதாக வந்தவனையும் தோளில் தூக்கும் தேசமே, ஒரு நாள் முதலாவதாக வருகிறவனையும் சுத்தமாகப் பெறும்.